212லிருந்து 4க்கு: தோல் புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் பேப்பர் பட்டியலைப் படிப்பது எப்படி

அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரி, எங்களுக்குப் பரிந்துரைத்திருந்த மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) நிபுணரின் பெயரை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தட்டினேன். 212 பேப்பர்கள் என்று வந்தது. மனசு லேசாகிவிட்டது. உடனே போன் போட்டு, "பெரிய ஆளுதான்க்கா, கவலைப்படாதே" என்றேன். நான் மருத்துவ நூலகம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போதும் பதவி உயர்வு வரும்போதும் இப்படிப்பட்ட பட்டியல்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. எண்ணிக்கையை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றதும் கை பெரிய எண்ணைத்தான் பிடித்துக்கொள்கிறது.

அடுத்த இரண்டு சாயங்காலமும் உட்கார்ந்து அந்த 212ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். 58 பேப்பர்கள் அதே பெயருள்ள வேறு ஆட்களுடையவை. ஒருவர் எலும்பு முறிவு பார்ப்பவர், இன்னொருவர் மீன்களின் செவுளைப் பற்றி எழுதுகிறவர். மிச்சம் 154. அதில் ஓரிரு நோயாளிகளைப் பற்றி மட்டும் எழுதும் கேஸ் ரிப்போர்ட்டும் இதழாசிரியருக்குக் கடிதமுமாக 52, பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ 22. சொந்த ஆய்வு என்று சொல்லத்தக்கவை 80. அந்த 80ல் முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ அவர் இருந்தவை 31. அதில் மெலனோமா 18. அக்காவுக்கு வந்திருந்தது உள்ளங்காலில் வரும் அக்ரல் மெலனோமா. அதைப் பற்றியவை 4.

அந்த நாலும் பதினோரு வருஷத்தில் எழுதப்பட்டவை, ஒரே கேள்வியை விடாமல் துரத்தியவை. அவற்றைப் படித்து முடித்தபோதுதான் அக்காவை அவரிடம் அழைத்துப்போகலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது. 212லிருந்து 4க்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிகிச்சைக்காகப் பார்க்கிறவர்களுக்கும், ஆராய்ச்சிப் படிப்புக்கு வழிகாட்டி தேடும் மாணவர்களுக்கும் வழி ஒன்றுதான்.

ஆள் அவர்தானா

தொடங்க வேண்டிய இடம் பப்மெட். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, 1997லிருந்து எல்லோருக்கும் இலவசம். குடும்பப் பெயரையும் முதலெழுத்தையும் போட்டுத் தேடினால் அந்த எழுத்துக்குள் அடங்கும் எல்லோரும் சேர்ந்து வந்து நிற்பார்கள். அவர்களைப் பிரிப்பதற்கென்றே 2012ல் ஓர்கிட் வந்தது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க எண். அவருக்கு அது இருந்தால் நம் வேலை பாதியாகக் குறையும். ஆனால் ஓர்கிட் பக்கத்தை நிரப்புவது பெரும்பாலும் அவரேதான். விட்டுப்போன பழைய பேப்பர்களும் இருக்கும், சிலர் பதிவு செய்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காததும் உண்டு.

நான் அதிகம் நம்புவது கூட எழுதியவர்களின் பெயர்களை. ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவர் அதே நோய்க்குறியியல் நிபுணரையும் அதே புள்ளியியலாளரையும் வருஷக்கணக்காக உடன் வைத்திருப்பார். தெரிந்த பெயர் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பேப்பர் வந்தால் நின்று பாருங்கள். அவர் வேலை மாறிய வருஷமாக இருக்கலாம், வேறு ஆளாகவும் இருக்கலாம். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்டவர்களின் பாதி வாழ்க்கை பழைய பெயரில் கிடக்கும். அதையும் இப்படிக் கூட்டாளிகளின் பெயரைப் பிடித்துத்தான் மீட்க முடியும்.

பழைய பேப்பர்களைத் தேடுகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒன்று, 1988லிருந்து 2013 வரையிலான பப்மெட் பதிவுகளில் பொதுவாக முதல் பெயருக்கு உரியவரின் நிறுவனம் மட்டும்தான் இருக்கும். நிறுவனப் பெயரைச் சேர்த்துத் தேடினால், வேறிடத்தில் இருந்த மூத்தவர்கள் விடுபட்டுப்போவார்கள். இரண்டு, 1984லிருந்து 1995 வரை ஒரு பேப்பருக்குப் பத்துப் பெயர்களைத்தான் பதிந்தார்கள். பதினோராவதாக, கடைசியாக நின்றவர் அந்த ஆய்வையே நடத்தியவராக இருந்தாலும் பதிவில் இருக்க மாட்டார். 1990களின் முற்பகுதியில் ஒருவருடைய பட்டியல் மெலிந்து தெரிந்தால் அவர் சும்மா இருந்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதழின் பக்கத்தையே எடுத்துப் பாருங்கள்.

இனம் பிரிப்பது

ஆள் உறுதியானதும் பேப்பர்களை இனம் பிரியுங்கள். பப்மெட்டின் இடது ஓரத்திலேயே கேஸ் ரிப்போர்ட், ரிவ்யூ, கிளினிக்கல் டிரையல் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுக்கொண்டு எண்களை எழுதினால் போதும்.

கேஸ் ரிப்போர்ட் என்றாலே உதட்டைச் சுழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தோல் மருத்துவத்தில் அப்படிச் செய்யக் கூடாது. இது கண்ணால் பார்த்து அறியும் துறை. 1981 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், கபோசி சார்க்கோமா என்ற அரிதான புற்றுநோய் வந்த 26 ஆண்களைப் பற்றிய குறிப்பு வெளியானது. வழக்கமாக வயதானவர்களுக்கு வருவது இவர்களுக்கு ஏன் வந்தது என்று சிலர் கேட்டதும் எய்ட்ஸ் என்ற நோய் உலகத்தின் கண்ணில் பட ஒரு காரணம். ஆகவே எத்தனை கேஸ் ரிப்போர்ட் என்று எண்ணாமல், அவற்றில் ஏதாவது ஒன்று பின்னால் ஆய்வாக வளர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள். அக்காவின் டாக்டர் தொடக்கத்தில் எழுதிய ஒரு கேஸ் ரிப்போர்ட், நகத்தடியில் இருந்த கறுப்புக் கோட்டை மூன்று வருஷம் அடிபட்ட காயம் என்று எண்ணி விட்டுவிட்ட ஒரு நோயாளியைப் பற்றியது. பிறகு அவர் எழுதிய நாலு பேப்பர்களுக்கும் விதை அதுதான்.

பெயர் வரிசை

மருத்துவத்திலும் மூலக்கூறு உயிரியலிலும் பெயர்கள் அகர வரிசையில் நிற்பதில்லை. முதல் பெயர் கையால் வேலை செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத்தின் தலைவருடையது, கேள்வியும் பணமும் அவருடையதாக இருக்கும். நடுவில் நிற்பவர்களின் பங்கு எவ்வளவு என்று வரிசையை வைத்துச் சொல்ல முடியாது. ரத்த மாதிரி அனுப்பியவரும் இருப்பார், ஆய்வின் உயிர்நாடியான சோதனையைச் செய்தவரும் இருப்பார்.

இந்த வரிசை காலப்போக்கில் எப்படி நகர்கிறது என்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஓர் உதாரணம். யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற தம்பதி. 1994ல் சயின்ஸ் இதழில், கபோசி சார்க்கோமாத் திசுவில் அதுவரை யாரும் அறியாத ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸின் டிஎன்ஏ இருப்பதாக எழுதினார்கள். சாங் முதல் பெயர், மூர் கடைசிப் பெயர். பதினான்கு வருஷம் கழித்து, 2008ல், அதே இதழில் இன்னொரு பேப்பர். இந்தத் தடவை மெர்க்கெல் செல் கார்சினோமா என்ற அபூர்வமான, மூர்க்கமான தோல் புற்றுநோய். பரிசோதித்த 10 கட்டிகளில் 8ல் ஒரு புதிய பாலியோமா வைரஸ் இருந்தது. மொத்தம் நாலே பெயர்கள். ஃபெங், ஷுடா என்ற இருவர் முன்னால், சாங்கும் மூரும் பின்னால்.

இந்த இரண்டு பேப்பர்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் நின்ற சாங் பின்வரிசைக்கு வந்துவிட்டார், அடுத்த தலைமுறை முன்னால் நிற்கிறது. நோய் மாறியிருக்கிறது, சோதனை முறை மாறியிருக்கிறது. ஆனால் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு பட்டியலில் இப்படி ஒரு கேள்வி பத்து வருஷம் தாண்டி உயிரோடிருந்தால் அந்த ஆளை நான் நம்பத் தொடங்குவேன். வருஷத்துக்கு ஒரு தலைப்பாகத் தாவிக்கொண்டிருக்கும் நீளமான பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

முதல் இரண்டு பெயர்களின் தலையில் நட்சத்திரக் குறியோ சிலுவைக் குறியோ இருந்தால் அடிக்குறிப்பைப் பாருங்கள், சம பங்களிப்பு என்று இருக்கும். இப்போது பல இதழ்கள் பேப்பரின் கடைசியில் யார் என்ன செய்தார்கள் என்றும் அச்சிடுகின்றன. கிரெடிட் என்ற முறையில் 14 வகைப் பங்களிப்புகள். நடுவில் நிற்கும் ஒருவரை எடைபோட வேண்டுமென்றால் அந்தப் பத்திதான் துணை. பெரிய கூட்டு ஆய்வுகள் சிலவற்றில் பெயர் வரிசையே இருக்காது. 2015ல் செல் இதழில் வந்த மெலனோமா மரபணு வரைபடம் கேன்சர் ஜீனோம் அட்லஸ் என்ற கூட்டமைப்பின் பெயரில் வந்தது. அதில் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது. ஒருவர் அதைத் தன் பட்டியலில் சேர்ப்பது நியாயமே, ஆனால் அதை அவருடைய தனிச் சாதனையாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த மெலனோமா, எதன் மேல் செய்தது

இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தலைப்பில் மெலனோமா என்று இருந்தால் நம் நோய்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். வெயில் படும் தோலில் வரும் மெலனோமாவின் டிஎன்ஏவில் புற ஊதாக் கதிரின் தழும்பு நிறைய இருக்கும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் அக்ரல் வகையில் அந்தத் தழும்பு குறைவு. அதற்குப் பதிலாகக் குரோமோசோம்கள் உடைந்து ஒட்டிய மாற்றங்கள் அதிகம். வெயில் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிராஃப் மரபணுவில் மாற்றம் இருக்கும். அக்ரல் வகையில் அது குறைவு, கிட் என்ற மரபணுவின் மாற்றம் ஒப்பீட்டளவில் கூடுதல். இது 2005லும் 2006லும் வந்த பேப்பர்களிலேயே தெளிவாகிவிட்டது. நிறம் கூடிய தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் அதில் பெரிய பங்கு அக்ரல் வகை. அவர்களுடைய குடும்பத்தார் ஒரு பட்டியலைப் பார்க்கும்போது கேட்க வேண்டியது, அதில் அக்ரல் நோயாளிகள் எத்தனை பேர் என்பதுதான்.

அதற்குத் தலைப்பையும் சுருக்கத்தையும் விட்டுவிட்டு, பேப்பரின் முதல் அட்டவணைக்குப் போங்கள். வயது, பாலினம், கட்டியின் தடிமன் என்று வரிவரியாக நோயாளிகளை அடுக்கியிருப்பார்கள். தடிமனுக்கு பிரெஸ்லோ என்ற பெயர் இருக்கும். 1970ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்குறியியலாளர் சொன்ன அளவு அது, இன்றும் மெலனோமாவின் போக்கைச் சொல்வதில் அதற்குத்தான் முதலிடம். அந்த வரிகளுக்கு நடுவில் கட்டியின் இடம் அல்லது வகை என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியே இல்லாவிட்டால், உங்கள் வீட்டு நோயாளியைப் பற்றி அந்தப் பேப்பர் எதுவும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அக்காவின் டாக்டர் எழுதிய ஒரு பேப்பரில் அக்ரல் என்ற வரிக்கு எதிரே 41 என்று இருந்தது. அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வுக்கூடப் பேப்பர் என்றால் நோயாளி அட்டவணை இருக்காது. முறைகள் என்ற பகுதியைத் திறந்து எந்த செல் வரிசை என்று பாருங்கள், அதாவது ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்து வளர்த்துவரும் செல்கள். எம்டிஏ-எம்பி-435 என்று ஒரு செல் வரிசை. 1970களில் மார்பகப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணிடமிருந்து எடுத்ததாகப் பதிவாகி, வருஷக்கணக்காக மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் ஓடியது. 2000ல் அதன் மரபணு இயக்கத்தைப் பார்த்தவர்கள், இது மெலனோமா மாதிரி நடந்துகொள்கிறதே என்றார்கள். பிறகு டிஎன்ஏ ரேகையைப் பொருத்திப் பார்த்ததில் எம்14 என்ற மெலனோமா செல் வரிசையோடு ஒத்துப்போனது. மார்பகத்தைப் பற்றி என்று நினைத்து எழுதிய பேப்பர்கள் தோலைப் பற்றியவையாகிவிட்டன. இந்தக் கதை தெரிந்தபின் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. முறைகள் பகுதியில் எஸ்டிஆர் என்ற சொல்லைத் தேடுவேன். செல் வரிசை எது என்று உறுதிசெய்யும் டிஎன்ஏ சோதனை அது. சமீபத்திய பேப்பர்கள் எல்லாவற்றிலும் அந்த ஒரு வரியைச் சேர்த்திருக்கும் ஆய்வாளர் தன் வேலையைத் தானே சந்தேகிக்கத் தெரிந்தவர் என்று எனக்குப் படும்.

மரபணுக்களின் பழைய பெயர்களையும் போட்டுத் தேட வேண்டும். பிராஃப் மாற்றத்தை மெலனோமாவில் முதலில் சொன்ன 2002ஆம் வருஷப் பேப்பரில் அது வி599ஈ. அப்போது கையில் இருந்த மரபணு வரிசையில் மூன்று எழுத்துகள் விட்டுப்போயிருந்ததால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டது. பின்னால் திருத்தி வி600ஈ என்றார்கள். இரண்டும் ஒன்றேதான். புதிய பெயரை மட்டும் போட்டுத் தேடினால், அந்தத் துறையில் முதலில் இறங்கியவர்களின் தொடக்க வருஷங்கள் கண்ணில் படாமல் போகும். குடும்பங்களில் வரும் மெலனோமாவோடு தொடர்புள்ள சிடிகேஎன்2ஏ மரபணுவும் அப்படித்தான், பழைய பேப்பர்களில் பி16 என்றே இருக்கும்.

இந்த பிராஃப் கதையில் பொறுமைக்கும் ஒரு அளவுகோல் கிடைக்கிறது. மரபணு மாற்றம் தெரிந்தது 2002. அதைக் குறிவைத்த வெமுராஃபெனிப் மருந்தை முதலில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2010. அமெரிக்காவில் அனுமதி 2011 ஆகஸ்ட். இவ்வளவு வேகமாக நடந்ததே பெரிய அதிசயம் என்பார்கள், அதற்கே ஒன்பது வருஷம். ஓர் ஆய்வாளர் ஐந்து வருஷமாக எலியைத் தாண்டவில்லை என்று குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், எலியில் கட்டி சுருங்கியதை வைத்து, நாளைக்கே அக்காவுக்கு அந்த மருந்து கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். நான் கண்டேன். மூன்று நாள் தூங்கவில்லை.

மேற்கோள் எண்கள்

ஒரு பேப்பரை மற்றப் பேப்பர்கள் எத்தனை தடவை சுட்டியிருக்கின்றன என்பதுதான் மேற்கோள் எண். இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஹெச்-இன்டெக்ஸ் என்பது 2005ல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த கணக்கு. 25 என்றால், குறைந்தது 25 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் 25 அவருக்கு இருக்கின்றன. அது ஏறுமே தவிர இறங்காது, அதனால் வயதானவருக்கும் இளையவருக்கும் ஒப்பிட முடியாது. மூலக்கூறு உயிரியல் பக்கம் ஆட்கள் அதிகம், மேற்கோளும் அதிகம். தோல் மருத்துவ இதழில் எழுதுகிறவரை அந்த எண்ணோடு நிறுத்தினால் அவர் குட்டையாகத்தான் தெரிவார். வழிகாட்டு நெறிகளும் நோய்நிலை வகைப்பாட்டுப் பேப்பர்களும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெறும். அதில் ஒன்றில் பெயர் இருந்தாலே மொத்தக் கணக்கு உப்பிவிடும். ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு, அவர் முதலிலோ கடைசியிலோ நின்ற ஐந்து பேப்பர்களை எடுத்து, அவற்றை யார் எதற்காக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வேறொரு குழு அதே சோதனையைச் செய்து அதே முடிவுக்கு வந்திருந்தால் அந்த ஒரு மேற்கோள் எனக்குப் போதும்.

திருத்தமும் திரும்பப் பெறுதலும்

திரும்பப் பெறப்பட்ட பேப்பர் என்றால் பப்மெட் பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை இருக்கும். பட்டியலைக் கையில் கொடுக்கும் ஆய்வாளர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், பழைய பிடிஎஃப் கோப்பிலும் தெரியாது. எனவே ஒவ்வொரு முக்கியமான பேப்பரையும் பப்மெட்டிலேயே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். பப்பியர் என்ற தளத்திலும் தலைப்பைப் போட்டுப் பாருங்கள். 2012லிருந்து அங்கே வாசகர்கள் பேப்பர்களின் படங்களையும் அட்டவணைகளையும் அலசுகிறார்கள்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மூலக்கூறு உயிரியல் பேப்பரில் வெஸ்டர்ன் பிளாட் என்ற படம் அடிக்கடி வரும். சாம்பல் பின்னணியில் கறுப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு புரதம். கீழ் வரிசையில் எல்லாக் கட்டத்திலும் ஒரே தடிமனில் ஒரு புரதம் இருக்கும், அளவு சமமாக ஏற்றியிருக்கிறோம் என்பதற்கான சாட்சி அது. திரையில் பெரிதாக்கி அந்தக் கீழ் வரிசையைக் கவனியுங்கள். ஒரு கோட்டின் வலது முனையில் சின்ன வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்து, வேறொரு பக்கத்தில் வேறொரு சோதனையின் கீழும் அதே வால் தெரிந்தால், ஒரே படம் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது என்று பொருள். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 20,621 பேப்பர்களை இப்படிக் கண்ணால் பார்த்து, 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய இரட்டிப்பு இருப்பதாக 2016ல் எழுதினார்கள்.

ஆனால் பார்த்த மாத்திரத்தில் யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். கோப்பு மாறிப்போனதும் உண்டு. ஆய்வாளரே முன்வந்து, எங்கள் மூன்றாவது படத்தில் பிழை இருந்தது, சரியான படம் இதோ என்று திருத்தம் வெளியிட்டிருந்தால் அதை அவருக்குச் சாதகமாகவே நான் எழுதிக்கொள்வேன். அப்படி எழுத மனசு வேண்டும்.

டிரையல் பேப்பர்கள்

சிகிச்சைச் சோதனை என்றால் சுருக்கத்தின் கடைசியில் பதிவு எண் இருக்கும். பெரும்பாலும் என்சிடி என்ற எழுத்துகளும் எட்டு இலக்கங்களும். 2005லிருந்து, முன்கூட்டியே பதிவு செய்யாத டிரையலை முக்கிய மருத்துவ இதழ்கள் ஏற்பதில்லை. அந்த எண்ணைப் பதிவேட்டில் போட்டு, தொடங்கும்போது எதை அளக்கப்போவதாகச் சொன்னார்கள், முடிவில் எதை அளந்தார்கள் என்று ஒப்பிடுங்கள். உயிர் வாழும் காலத்தை அளப்போம் என்று பதிந்துவிட்டு, கட்டி வளராதிருந்த காலத்தை மட்டும் முன்னால் வைத்திருந்தால் காரணம் தேட வேண்டும். மாநாட்டுச் சுருக்கங்களில் பாதிக்கும் மேல் முழுப் பேப்பராக வருவதே இல்லை, ஆகவே அவற்றைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். கடைசிப் பத்தியில் எந்த மருந்துக் கம்பெனியிடம் என்ன வாங்கினார்கள் என்பதும் இருக்கும், படித்துவிடுங்கள்.

இந்தப் பகுதியில் என்னை அசைத்தது நிணநீர் முடிச்சுகளின் கதை. மெலனோமா முதலில் பரவும் முடிச்சை மட்டும் சாயம் ஏற்றிக் கண்டுபிடித்து எடுக்கும் சென்டினல் முறையை டொனால்ட் மார்ட்டனும் கூட்டாளிகளும் 1992ல் விவரித்தார்கள். அதில் புற்றுநோய் தெரிந்தால் அந்தப் பகுதி முடிச்சுகளை மொத்தமாக வழித்தெடுப்பது வழக்கமாயிற்று. அப்படி எடுப்பது அவசியம்தானா என்ற கேள்வியை அந்த வட்டத்தாரே அடுத்த டிரையலாக எடுத்துக்கொண்டார்கள். 2017ல் முடிவு வந்தபோது மார்ட்டன் உயிரோடில்லை. உடனே மொத்தமாக எடுத்தவர்களிலும், ஸ்கேன் பார்த்துக் காத்திருந்தவர்களிலும், மூன்றாண்டு முடிவில் மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் சமமாக 86 சதவீதம். எடுத்தவர்களில் 24.1 சதவீதம் பேருக்குக் கை கால் வீக்கம், காத்திருந்தவர்களில் 6.3. முந்தின வருஷம் ஜெர்மனியிலிருந்து வந்த முடிவும் இதே பக்கம்தான் நின்றது.

அறுவை நிபுணர் ஒருவரின் பட்டியலைப் பார்க்கிறீர்களென்றால் 2017க்கு முன்னும் பின்னும் அவர் என்ன எழுதினார் என்று பாருங்கள். அக்காவின் டாக்டர் 2012ல் முடிச்சுகளை எடுப்பதை ஆதரித்து எழுதியிருந்தார். 2018ல் அவரே, எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம், காரணம் இது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு மேற்கோள் எதுவுமே இல்லை. எனக்கு அந்த மொத்தப் பட்டியலிலும் மதிப்பு மிகுந்தது அதுதான்.

பட்டியலில் தெரியாததும் நிறைய இருக்கிறது. கத்தி பிடிக்கும் கை எப்படி, நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுவாரா, இதெல்லாம் எந்தத் தளத்திலும் வராது. பேப்பரே எழுதாத அருமையான டாக்டர்கள் இருக்கிறார்கள். அதனால் பட்டியலைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு நேரில் போங்கள். ஒவ்வொன்றும் அவருடைய பேப்பர் ஒன்றிலிருந்தே பிறந்ததாக இருக்கட்டும்.

எங்கள் தாளில் முதல் கேள்வி சென்டினல் முடிச்சைப் பற்றியது, இரண்டாவது கிட் மரபணுச் சோதனையைப் பற்றியது. மூன்றாவதை அக்காவே கேட்டாள். "அந்த அட்டவணையில 41 பேர்னு போட்டிருக்கீங்களே டாக்டர், அவங்கள்ல எத்தனை பேர் இப்ப நடமாட்டமா இருக்காங்க?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பேப்பர் எழுதினப்ப 41. இப்ப 63 பேரைத் தொடர்ந்து பார்த்துட்டிருக்கோம்மா" என்று சொல்லி, தன் கணினியைத் திருப்பி வைத்து, வருஷவாரியாக ஒவ்வொரு எண்ணையும் காட்டினார். நல்லதையும் காட்டினார், கெட்டதையும் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் பப்மெட்டில் அவர் பெயருக்கு ஒரு அறிவிப்புப் போட்டுவைத்தேன். இலவசக் கணக்கு தொடங்கி, தேடலைச் சேமித்து, வாரம் ஒருமுறை என்று குறித்தால் போதும். புதிய பேப்பரோ திருத்தமோ வந்தால் மின்னஞ்சலில் வந்துவிடும். எனக்குத் திங்கட்கிழமைகளில் வருகிறது. போன மாசம் அவருடைய புதிய பேப்பர் ஒன்று வந்தது. நேராக முதல் அட்டவணைக்குப் போனேன். அக்ரல் என்ற வரிக்கு எதிரே 71. அந்த ஆய்வில் சேர்வதற்கான சம்மதப் படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டபோது சாட்சியாகப் பக்கத்தில் இருந்தது நான். பக்கத்தை அச்செடுத்து, அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.